காட்டு மொழியில் பேசுகிறாள்

மைக் என் கையில் இருந்தது. வாயில் மட்டும் வார்த்தை இல்லை.

எதிரே மாதா கோயில் மைதானத்தில் ஊரே கூடியிருந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகளில் பெரியவர்கள். முன்னால் விரித்த தார்ப்பாயில் பிள்ளைகள். ஓரத்தில் கவிழ்த்துப் போட்டிருந்த வள்ளத்தின் முதுகில் வாலிபர்கள் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு கம்பங்களுக்கு நடுவே கட்டியிருந்த வெள்ளைத் துணியில் ஒரு பெரிய காடும், அதை அறுத்துக்கொண்டு போகிற காப்பி நிற ஆறும் தெரிந்தன. கடற்காற்றில் துணி அசைந்தபோதெல்லாம் காடும் சேர்ந்து அசைந்தது.

ஆற்றங்கரையில் ஒரு பெண் முழங்கால் தண்ணீரில் நின்றாள். அவளுடைய ஆட்கள் ஆற்றில் இறங்கி அக்கரைக்கு நீந்திக்கொண்டிருந்தார்கள். முதலைகள் உள்ள ஆறு. அவள் தண்ணீரைவிட்டுக் கண்ணை எடுக்காமல் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். படத்துக்கு அடியில் ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி வந்து நின்றது. காட்டு மொழியில் பேசுகிறாள். அவ்வளவுதான்.

"அண்ணாச்சி, அவ என்னா சொல்லுதா?" என்று வள்ளத்தின் மேலிருந்து ஒருவன் கேட்டான்.

கேட்டது நியாயம்தான். படத்தில் வருகிறவர்கள் பேசுவதைத் தமிழில் சொல்வதற்காகத்தான் என்னை அங்கே நிறுத்தியிருந்தார்கள். நான் தண்ணீர் குடித்தேன். மைக்கைத் தட்டிப் பார்த்தேன். கல்யாண வீட்டில் பாட்டை மறந்தவன் மாதிரி தொண்டையைச் செருமினேன்.

முன்வரிசையிலிருந்து ஜாஸ்மின் திரும்பி என்னை முறைத்தாள். அந்த முறைப்புக்கு அர்த்தம் அந்த மைதானத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். வாயைத் திறந்துவிடாதீர்கள் அண்ணாச்சி என்று அர்த்தம்.

ஏன் என்று சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

கயிற்றுக்கடையில் முளைத்த கொட்டகை

இந்தத் தொடரை முதலிலிருந்து படிக்கிறவர்களுக்கு என் கடையைத் தெரியும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிற வழியில் நைலான் கயிறும் பெயிண்டும் நட்டு போல்ட்டும் விற்கிற கடை. எங்கள் பூர்வீகம் தேரிக்காட்டுப் பக்கம். பனை ஏறிய குடும்பம், அப்பா காலத்தில் தராசைப் பிடித்தது. கடலைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் எந்தக் கயிறு உப்புத் தண்ணீரைத் தாங்கும், எது தாங்காது என்பதுதான். நீச்சல்கூடத் தெரியாது.

ஜாஸ்மின் ஒரு கப்பல் ஏஜென்சியில் வேலை பார்க்கிறாள். துறைமுகத்துக்கு வருகிற கப்பலில் கயிறோ பெயிண்டோ தீர்ந்துபோனால் என் கடைக்கு வருவாள். சரியான வாய்க்காரி. நான் கயிறு அளக்கிற நேரத்துக்குள் உலக நாட்டு மாலுமிகள் எல்லோரையும் வரிசையாகக் கேலி செய்து முடித்துவிடுவாள்.

அப்படி ஒரு நாள் பேச்சு சினிமாவுக்குத் திரும்பியது. இரண்டு பேருக்கும் வெளிநாட்டுப் படம் பார்க்கிற கிறுக்கு உண்டு என்று தெரிந்ததும் விஷயம் கைமீறிப் போய்விட்டது. இன்னும் சிலர் சேர்ந்தோம். பழைய புரொஜெக்டர் ஒன்று வந்தது. ஊர் ஊராகப் போய்ப் படம் போட ஆரம்பித்தோம்.

எங்கள் ஊர்களில் ஆங்கில எழுத்தை ஓட ஓடப் படிக்கிறவர்கள் குறைவு. அதனால் நான் மைக்கை வைத்துக்கொண்டு வசனத்தைத் தமிழில் சொல்வேன். கிழவன், குமரி, போலீஸ்காரன், பேய் எல்லாம் நான்தான். முதன்முதலில் ஒரு காதல் படத்துக்குக் குரல் கொடுத்தபோது என் வீட்டுக்காரி கூட்டத்தில் இருந்தாள். "எங்கிட்ட ஒரு நாளாவது இப்படிப் பேசியிருக்கியளா?" என்று அவள் கேட்டது இன்னும் தீரவில்லை.

குடிக்க முடியாத பால்

அந்த மாதா கோயில் திருவிழாவுக்கு நாங்கள் கொண்டுபோனது ஒரு மழைக்காட்டுப் படம். பூமிக்கு அந்தப் பக்கத்தில் இருக்கிற ஏதோ ஒரு காடு. ஒரு வெள்ளைக்காரன் கம்பெனிக்காக மூலிகையும் மரமும் தேடி வருகிறான். காட்டுக்காரப் பெண் ஒருத்தி அவனுக்கு வழி காட்டுகிறாள். அவள் கை காட்டுகிற ஒவ்வொரு செடிக்கும் அவன் தன் சொந்தக்காரர்களின் பெயரைச் சூட்டுகிறான். அவளுடைய பெயரை மட்டும் அவன் கடைசிவரை கேட்பதே இல்லை.

படத்தில் ஓரிடம். காட்டு ஆண்கள் மரப்பட்டையைச் சாய்வாகக் கீறி, கீழே கிண்ணம் கட்டுகிறார்கள். வெள்ளையாகச் சொட்டுகிறது. அதற்கு எழுத்து ஒன்றும் வரவில்லை. எனக்குப் பழகிய காட்சி என்பதால் நானே முந்திக்கொண்டு, "அந்தா பாருங்க, அங்கயும் பதனீ இறக்குதாங்க!" என்று மைக்கில் அடித்துவிட்டேன். பனங்காட்டில் பிறந்தவனுக்கு மரத்தில் கட்டிய கலயம் வேறு எதுவாகத் தெரியும்?

அடுத்த காட்சியில் அந்தப் பாலைப் புகையில் காட்டி உருட்டிப் பெரிய கறுப்புப் பந்தாக்கிப் படகில் ஏற்றினார்கள். ரப்பர். மைதானமே சிரித்தது. "அண்ணாச்சி, ஒரு செம்பு எடுத்துக் குடிங்க!" என்று ஒருவர் எழுந்து நின்று கத்தினார். நானும் சிரித்துவிட்டேன்.

ஆனால் படகு கிளம்பியபோது சிரிப்பு தானாக நின்றது. பால் எடுத்தவர்கள் கரையில் நின்றார்கள். கைநிறைய எடுத்தது மொத்தமும் அவர்கள் கண்ணெதிரே ஆற்றோடு போனது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மீன் வியாபாரி அம்மா ஒருவர், "முத்து போன மாதிரி போவுது பாரு" என்று தனக்குத்தானே சொன்னார்.

அதற்கு மேல் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. இந்தக் கடலில் முத்துக்குளித்த காலத்தில் சிப்பி விளைந்த கடலடிப் பாறைத் திட்டு, அதாவது பார், எல்லாம் சர்க்கார் சொத்து. முதலில் ஒரு வெள்ளைக்காரன், அப்புறம் இன்னொரு வெள்ளைக்காரன், கடைசியில் இங்கிலீஷ்காரன். எந்தப் பாரில் சிப்பி முற்றியிருக்கிறது என்று சொல்ல இந்த ஊர் ஆள் வேண்டும். மூச்சை அடக்கி இறங்கவும் இந்த ஊர் ஆள் வேண்டும். பாருக்கு வைத்த பெயர்கூட இந்த ஊர்ப் பெயர்தான், அவர்களுடைய வரைபடத்திலும் அதையே எழுதிக்கொண்டார்கள். எடுத்ததில் பெரும்பங்கு அவர்களுக்குப் போனது.

ஜிங்கலக்கா மனிதர்கள்

கடையில் வைத்து லேப்டாப்பில் இந்தப் படத்தை முதலில் பார்த்தபோது எனக்குச் சரியான கோபம். வெள்ளைக்காரன் தும்மினால்கூடக் கீழே எழுத்து வருகிறது. அந்தப் பெண் ஒரு நிமிஷம் மூச்சுவிடாமல் பேசுகிறாள். காட்டு மொழியில் பேசுகிறாள் என்று ஒரு வரி போட்டுவிட்டு முடித்துக்கொண்டார்கள்.

நம் ஆட்கள் மட்டும் யோக்கியமா என்று கேட்காதீர்கள். நான் டிக்கெட் எடுத்துப் பார்த்து வளர்ந்த தமிழ்ப் படங்களில் காட்டுவாசி என்றால் இடுப்பில் இலை, தலையில் கோழி இறகு, வாயில் ஜிங்கலக்கா. கதாநாயகனை ஒரு கம்பத்தில் கட்டிவைத்துச் சுற்றிச் சுற்றி ஆடுவார்கள். நானும் விசில் அடித்திருக்கிறேன்.

"இதுக்கு நாமளே ஏதாவது வசனம் எழுதிருவோமா?" என்று ஜாஸ்மினிடம் கேட்டேன்.

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வேண்டாம் அண்ணாச்சி. அந்தக் காட்டு ஆளுவளே இத வெளிய சொல்லாதியன்னு சொல்லியிருப்பாவளோ என்னமோ. எல்லாத்தையும் எல்லாருக்கும் சொல்லணும்னு என்ன இருக்கு?"

நான் அப்படி யோசித்ததே இல்லை. படம் எடுத்தவனைத் திட்டிக்கொண்டிருந்த வாயைக் கொஞ்சம் மூடினேன்.

பிறகு அவள் குரலை இறக்கினாள். "இன்னொண்ணு. திருவிழா அன்னைக்கு அந்த ஆத்துச் சீன் வரும்போது நீங்க மைக்க கீழ வச்சிருங்க. ஒரு வார்த்த பேசப்பிடாது. ஆலந்தலைக்காரங்க வாராங்க."

ஜாஸ்மின் மறைத்த பெயர்

திருவிழா நடந்தது ஜாஸ்மினின் சொந்த ஊரில். ஊர்ப் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் ஜாஸ்மின் கடைக்கு வந்து சண்டை போடுவாள். புன்னைக்காயலுக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே அவள் பிறந்த வீட்டுக்கு ஒரு பெயர் உண்டு. கடல்கட்டி வீடு.

முத்துக்குளித்த காலத்தில் குளிக்கிற ஆட்களைச் சுறா தொடாதபடி அதன் வாயைக் கட்டுகிறவர்தான் கடல்கட்டி. தோணியில் நின்றோ கரையில் நின்றோ முணுமுணுத்துக்கொண்டே இருப்பார். அவர் வராமல் ஒருவனும் தண்ணீரில் கால் வைக்கமாட்டான். கோயிலுக்குப் போய் ஜெபம் சொல்லிவிட்டு வந்த அதே ஆட்கள் இவரையும் பார்த்துவிட்டுத்தான் இறங்குவார்கள். வெள்ளைக்காரத் துரைமார் இதை மூடநம்பிக்கை என்று எழுதிவைத்தார்கள். ஆனால் அவரை நிறுத்தத் துணியவில்லை. நிறுத்தினால் குளிப்பு நின்றுபோகும்.

முத்துக்குளிப்பு போய்விட்டது. பெயர் போகவில்லை. பள்ளிக்கூடத்தில் ஜாஸ்மின் பக்கத்தில் உட்காரப் பிள்ளைகள் பயப்படுவார்களாம். வாயைக் கட்டிவிடுவாள் என்று கேலி. அவளுடைய அந்த வாய் எதற்காக அவ்வளவு ஓயாமல் பேசக் கற்றுக்கொண்டது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

கேலியோடு போயிருந்தால் அவள் தூசு மாதிரி தட்டிவிட்டிருப்பாள். அவள் மகள் ரீனாவுக்கு ஒரு நல்ல இடம் கைகூடி வந்து, பெண் பார்த்து, எல்லாம் பேசி முடிகிற நேரத்தில், மந்திரக்காரர் வீட்டுப் பெண் என்று யாரோ போட்டுக்கொடுத்து நின்றுபோனது. ரீனா அழவில்லை. ஆனால் அதற்குப் பிறகு கல்யாணப் பேச்சு எடுத்தாலே எழுந்து உள்ளே போய்விடுவாள்.

இப்போது ஆலந்தலையில் இருந்து ஒரு சம்பந்தம். பையன் பெயர் அன்டன். சரக்குக் கப்பலில் இன்ஜின் ரூமில் வேலை. ரீனாவே விரும்பிச் சரி என்று சொன்ன பையன். அவன் கடலில் இருந்ததால் அவனுடைய அம்மா சூசையம்மாள் திருவிழாவுக்கு வந்து, சாப்பிட்டு, கையோடு பேச்சை முடித்துவிட்டுப் போவதாக ஏற்பாடு. கடல்கட்டி என்ற சொல் மட்டும் அன்றைக்கு அவர் காதில் விழுந்துவிடக் கூடாது. ஜாஸ்மினின் கவலை அதுதான்.

"படத்த மாத்திருவோமே" என்றேன்.

"எதுக்கு மாத்தணும்? நல்ல படம். அந்தச் சீன்ல அந்த ஒரு வரிய விட்டா எழுத்தும் கெடையாது. நீங்க சும்மா இருந்தா அது பாட்டுக்கு ஓடிரும்."

சிரிப்பு

ஓடவில்லை.

"அண்ணாச்சி, என்னா சொல்லுதான்னு கேக்கேன்லா!" என்று வள்ளத்தின் மேலிருந்தவன் மறுபடியும் கத்தினான்.

நான் வாயைத் திறக்கவில்லை. அந்த இடைவெளியில் பின்வரிசையில் யாரோ ஒருவர் சாவகாசமாகச் சொன்னார். "அண்ணாச்சிக்கு என்ன தெரியும்? ஜாஸ்மின்கிட்ட கேளுங்கலே. கடல்கட்டி வீட்டு மந்திரம்லா அது!"

சிரிப்பு கிளம்பியது. நாற்காலி வரிசையில் ஆரம்பித்துத் தார்ப்பாய் வரைக்கும் வந்தது. எதற்கென்று தெரியாமல் குழந்தைகளும் சிரித்தார்கள். யாரும் கெடுதல் நினைத்துச் சிரித்ததாக எனக்குத் தோன்றவில்லை. பழகிப்போன சிரிப்பு, அவ்வளவுதான்.

நான் லேப்டாப்பைத் தட்டிப் படத்தை நிறுத்தினேன். கை தானாகப் போனது. திரையில் அந்தப் பெண் உதடு பாதி திறந்தபடி நின்றாள்.

முன்வரிசையைப் பார்த்தேன். ரீனா தலையைக் குனிந்து துப்பட்டாவின் ஓரத்தைத் திருகிக்கொண்டிருந்தாள். சூசையம்மாள் மடியில் ஒரு பொட்டலம் மக்ரூன் வைத்திருந்தார். ஒன்றைக் கையில் எடுத்தவர் வாய்க்குக் கொண்டுபோகவில்லை. பெரிய முகம், அதில் ஒன்றும் தெரியவில்லை. அந்த அம்மாவின் பார்வை ஜாஸ்மின் மேல் இருந்தது.

ஜாஸ்மின் எழுந்தாள். வீட்டைப் பார்த்துப் போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். நேராக என்னிடம் வந்து கையை நீட்டினாள். மைக்கைக் கொடுத்தேன்.

தோணியில் நின்றவர்

"எல்லாரும் கேட்டுக்கிடுங்க" என்றாள். "அந்தப் பொம்பள என்னா சொல்லுதான்னு எனக்குத் தெரியாது. அண்ணாச்சிக்கும் தெரியாது. ஆனா எங்க பூட்டன் தோணியில நின்னுக்கிட்டு என்னா சொன்னாருன்னு எனக்குத் தெரியும். இத்தன வருசத்துல ஒரு ஆளாவது எங்கிட்ட அதக் கேட்டிருக்கியளா? சிரிக்க மட்டும் வாரிய."

ஜெனரேட்டர் சத்தம் மட்டும் கேட்டது.

"மந்திரம்னுதான சொல்லுதிய? ஒரு மந்திரமும் கெடையாது. பேரு. அம்புட்டுத்தான். தண்ணிக்குள்ள இறங்குன ஆளுவ பேரு. ஒருத்தன் இறங்குனா அவன் பேரச் சொல்ல ஆரம்பிப்பாரு. அவன் தல மேல வந்தப்புறந்தான் அந்தப் பேர விடுவாரு. கீழ எத்தன பேரு இருக்கானோ அத்தன பேரும் அவரு வாயில இருப்பாங்க. கடைசி ஆளு ஏறுற வரைக்கும் பச்சத் தண்ணி குடிக்க மாட்டாரு. கண்ண எடுக்க மாட்டாரு."

"துரை அதப் பாத்துட்டு மந்திரம்னு எழுதிட்டான். இவரும் ஆமாம்னு சொல்லிட்டாரு. ஏன்னா பேருதான் சொல்லுதேன்னு சொன்னா, அதுக்கு ஒரு கிளார்க்கு போதும், நீ வீட்டுக்குப் போன்னு சொல்லியிருப்பான். கிளார்க்கு கடலப் பாப்பானா? காயிதத்தப் பாப்பான்."

சிரித்தார்கள். இந்தத் தடவை வேறு சிரிப்பு.

"கடல் சரியில்லன்னா, இன்னைக்குக் கட்டு நிக்காதுன்னு ஒரு வார்த்த சொல்லுவாரு. தோணி எல்லாம் திரும்பிரும். துரை கெடந்து குதிப்பான். இவரு அசைய மாட்டாரு."

"எக்கா" என்று வள்ளத்தின் மேலிருந்தவன் கேட்டான். குரலில் கேலி இல்லை. அவன் சங்குகுளிக்கப் போகிறவன் என்று பிறகு தெரிந்துகொண்டேன். "கடல் சரியில்லன்னு அவருக்கு எப்படித் தெரியும்?"

"நீ இறங்குறவன்தானல, ஒனக்குத் தெரியாதா?"

அவன் யோசித்தான். "பொடி மீனெல்லாம் ஒண்ணா ஒரே பக்கமா வெலகி ஓடும். தண்ணி கலங்கிக் கெடந்தா நாங்க இறங்க மாட்டோம்."

"பெறவு என்ன? நீயும் கடல்கட்டிதான்" என்றாள் ஜாஸ்மின்.

பின்வரிசையில் முதலில் பேசிய ஆள் எழுந்து நின்றார். நரைத்த மீசை, தோளில் துண்டு. "அப்ப எங்க தாத்தா பேரும் அவரு வாயில இருந்திருக்குமா, தாயீ?" என்று கேட்டார். "அவரும் குளிக்கப் போனவருதான்."

"இருந்திருக்கும் மாமா. நல்லபடியா மேல வந்ததாலதான நீங்க இங்கன நின்னு என்னக் கேலி பண்ணுதிய."

அவர் உட்கார்ந்துகொண்டார். பக்கத்தில் இருந்தவர் அவர் முதுகில் ஒன்று வைத்தார்.

"எங்கப்பா எங்கிட்ட இதச் சொல்லும்போது வெளிய சொல்லாதன்னுதான் சொன்னாரு" என்று ஜாஸ்மின் கடைசியாகச் சொன்னாள். "நானும் சொல்லல. இப்ப யோசிச்சுப் பாத்தேன். அவங்க மறைச்சது துரைகிட்ட. ஒங்ககிட்ட இல்ல."

மைக்கை என்னிடம் கொடுத்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.

கயிறு பிடிக்கிறவர்கள்

இங்கே ஒரு கயிற்றுக்கடைக்காரன் தெரிந்து வைத்திருக்கிற ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். முத்துக்குளிக்க இறங்குகிறவன் இடுப்புக் கயிற்றின் மறுமுனையைத் தோணியில் நிற்கிற ஒருவன் பிடித்திருப்பான். கீழே இருப்பவன் அசைத்தால் மேலே இருப்பவன் இழுக்க வேண்டும். கொஞ்சம் பிந்தினால் போயிற்று. அந்தக் கயிற்றை அண்ணன் தம்பியிடம் கொடுக்கமாட்டார்கள். மச்சானிடம்தான் கொடுப்பார்கள். பெண்டாட்டி கூடப்பிறந்தவன். தங்கச்சி தாலிக்காக அவன் கண் அசரமாட்டான் என்று ஒரு கணக்கு.

இதை நான் ஏதோ பழைய செய்தி என்றுதான் நினைத்திருந்தேன். கடையில் கயிறு வாங்க வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிக்கவைப்பேன்.

அன்றைக்கு நான் படத்தை மறுபடி ஓடவிடவில்லை. விடத் தோன்றவில்லை. எல்லோரும் சூசையம்மாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடற்கரை ஊரில் சம்பந்தப் பேச்சு ஒன்றும் ரகசியம் கிடையாது. அந்த அம்மா கையில் இருந்த மக்ரூனைப் பொட்டலத்துக்குள் போட்டு, பொட்டலத்தை மடித்து, நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்தார். சொந்த மகள் கல்யாணத்துக்கே நான் அப்படிப் பயந்ததில்லை.

ஜாஸ்மினும் எழுந்து நின்றாள்.

"மைனி" என்றார் சூசையம்மாள். "எம்மவன் மொத தடவ கப்பல் ஏறுன அன்னையில இருந்து நான் குசினியில நின்னுக்கிட்டு அவன் பேரச் சொல்லிக்கிட்டேதான் கெடக்கேன். சோறு வடிக்கும்போதும் சொல்லுவேன். மீன் கழுவும்போதும் சொல்லுவேன். அவன் போன் பண்ணிக் கரையேறிட்டேன்னு சொல்லுத வரைக்கும் எனக்குச் சோறு இறங்காது. எங்க வீட்டுல எல்லாவளும் என்னப் பைத்தியக்காரின்னு சிரிப்பாளுவ."

ஜாஸ்மினுக்குப் பேச்சு நின்று நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"பையன் இப்ப நடுக்கடல்ல இருக்கான்" என்றார் அந்த அம்மா. "எங்க வீட்டுல நான் ஒருத்திதான் சொல்லுதேன். இனி நீங்களும் அவன் பேரச் சேத்துச் சொல்லுவியளா?"

ரீனா தலையைத் தூக்கினாள்.

ஜாஸ்மின் சம்பந்தியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். மக்ரூன் பொட்டலம் நடுவில் நசுங்கியது. "சொல்லுதேன் மைனி" என்று அவள் சொன்னது மைக் இல்லாமலே பின்வரிசை வரைக்கும் கேட்டது. யாரோ கை தட்டினார்கள். வள்ளத்தின் மேலிருந்து ஒரு விசில் பறந்தது. மைதானத்துக்கே நல்ல நாளாகிவிட்டது. எனக்குக் கண் கலங்கியது. கண்ணாடியைத் துடைக்கிற மாதிரி துடைத்துக்கொண்டேன்.

பிறகு சுற்றிலும் ஒரே கத்தல். "அண்ணாச்சி, படத்தப் போடுங்க! அந்த ஆளுவ அக்கரைக்குப் போய்ச் சேந்தாங்களா இல்லையா?"

போட்டேன். திரையில் அந்தப் பெண்ணின் உதடு மறுபடி அசைய ஆரம்பித்தது. அடியில் அதே வரி வந்து நின்றது. அவள் சொன்னது அவளுடைய ஆட்களின் பெயர்தானா, வேறு ஏதாவதா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் இல்லை. என்ன சொல்கிறாள் என்று யாரும் என்னிடம் கேட்கவில்லை. நீந்திப் போகிற ஒவ்வொரு தலையையும் ஊரே கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தது.

நான் மைக்கைக் கீழே வைத்தேன். முன்வரிசையில் இரண்டு அம்மாக்களும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு நடுவே ரீனா. துணியிலிருந்து வந்த வெளிச்சத்தில் மூன்று பேரின் உதடுகளும் அசைவது தெரிந்தது.